கமக் நே

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ரெண்டு மாலுபான் வாங்கினேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உறை,
ரெண்டுக்கும் சேர்த்து ஒரு சொப்பிங் பேக்,
கை துடைக்க நாலு டிஷ்யூ,
துணைக்கு ஒரு பிளாஸ்டிக் கரண்டி.
மாலுபானைக் கரண்டியால் தின்பவரை
இந்த மலையில் நான் கண்டதில்லை.

வீட்டில் ஒரு லாச்சி, இழுத்தால் பாதியில் நிற்கும்.
உள்ளே கரண்டிகள், ஸ்ட்ரோக்கள், காய்ந்த சோஸ் பாக்கெட்டுகள்,
மருந்துக் கம்பெனியின் எழுதாத பேனா,
தேர்தலுக்குக் கொடுத்த மூன்று சாவிக்கோர்வை,
அதில் இரண்டு தோற்றவருடையவை.
சுவரில் நாலு கலண்டர்.
நாலும் ஒரே மாதத்தைத்தான் காட்டுகின்றன.

"சும்மா தர்றத வேணாங்குறதா?" என்பார் அருள்நேசன்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
அவருடைய அம்மாவின் சம்பளத் துண்டில்
அரிசிக்குப் புடிச்சார்கள், மாவுக்குப் புடிச்சார்கள்,
சந்தாவுக்கு, கோயிலுக்கு,
கொழுந்தில் ஒட்டிய மழைத் தண்ணிக்கும் புடிச்சார்கள்.
துண்டில் ஏறாத ஒரு சாமான் கைக்கு வந்தால்
உதறவா தோன்றும்?

ஐப்பசி மழையில் லயத்துக் கான் அடைத்து
ஆறாம் காம்பராவுக்குள் தண்ணி ஏறியது.
பவளக்கொடி பாயைச் சுருட்டிக்கொண்டு
கட்டில் மேல் நின்றாள்.
மம்பட்டி போகாத இடத்தில் கையை விட்டேன்.
இழுக்க இழுக்க வந்தது:
சேறு, சேற்றோடு பை, பைக்குள் பை.
கடைசிப் பையில் மஞ்சள் சேவல்,
அதே பேக்கரி.
என்னுடையது என்று சொல்ல முடியாது.
இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் கடையில் "எப்பா" என்றேன்.
காசு மேசைப் பையன் நுவன் முகம் சுருங்கியது,
அவனையே வேண்டாம் என்றதுபோல.
அடுத்த நாள் "நோ தேங்க்ஸ்."
வரிசையில் நின்ற ரெண்டு பேர் திரும்பி
எந்தத் தோட்டத்துத் தொரசாணி என்று பார்த்தார்கள்.
மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை;
பையோடு வீட்டுக்கு வந்தேன்.

நாலு வருசம் கொழுந்தெடுத்தவள் நான்.
கரட்டு இலை பட்டால்
கண் பார்க்குமுன் விரல் விட்டுவிடும்.
கடைக்கு வந்தால் மட்டும்
அந்த விரலுக்கு என்ன வந்தது?

பிறகுதான் பிடிபட்டது, விசயம் நேரத்தில் இருக்கிறது.
பையைப் பிரிக்க அவன்
விரலை நாக்கில் நனைப்பதற்கு முன்னால்
துணிப்பையின் வாயை விரித்து நீட்டவேண்டும்.
நீட்டிச் சிரித்து, "கமக் நே மல்லி."
பரவால்ல தம்பி, அவ்வளவுதான்.
அந்தச் சொல்லில் யாருக்கும் அடி விழாது.
அவன் பை அவனிடமே இருக்கும்,
முகமும் அப்படியே இருக்கும்.

எல்லா நாளும் வெல்வதில்லை.
தலவாக்கலையில் போன் கடை திறந்தபோது
கொட்டுகிற மழையில் குடை தந்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.
வட்டகொடையைத் தாண்டுமுன் கம்பி மடங்கியது.
கானைத் திறந்த அன்று பவளக்கொடி தந்த
சீனி கூடிப்போன தேத்தண்ணிக்கு
கமக் நே சொல்ல நான் படிக்கவில்லை.
படிக்கப் போவதுமில்லை.

நேற்று துணிப்பையை மறந்துவிட்டேன்.
"மல்ல கோ அக்கே?" என்றான் நுவன்,
பை எங்கே என்று, வாத்தியார் தோரணையில்.
தன் பைக்கட்டின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.
ரெண்டு மாலுபானையும்
சுடச்சுட என் ரெண்டு கையில் வைத்தான்.

அப்படியே பஸ் ஏறினேன்.
கம்பியைப் பிடிக்கக் கையில்லை,
காசு எடுக்கக் கையில்லை.
மல்லியப்பு வளைவில் யாரோ ஒரு ஆளின்
தோளில் போய்ச் சாய்ந்தேன்.
கண்டக்டர் என் கைகளைப் பார்த்தார்,
மாலுபானைப் பார்த்தார்,
டிக்கட்டைக் கிழிக்காமல் அடுத்த ஆளிடம் நகர்ந்தபடி சொன்னார்:
"கமக் நே, எறங்குறப்ப தாங்க."