இரண்டு உண்மை, ஒரு பொய்

நாளைக் காலை ஏழரைக்கு
வட்டமாக உட்கார வைப்பார்களாம்.
ஆளுக்கு இரண்டு உண்மை, ஒரு பொய்.
எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

கொண்டுவர வேண்டிய பட்டியலில் இது இல்லை.
அதில் இருப்பவை: மழையங்கி, மாற்றுச் செருப்பு,
சேறானாலும் கவலையில்லாத சட்டை இரண்டு,
இருபத்தொன்று ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து.
கையெழுத்தை நேற்றே வாங்கிவிட்டேன்,
அப்பா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில்,
ஷூ கட்டிக்கொண்டிருந்த முழங்காலின் மேலேயே வைத்து.
அவர் பெயரின் கடைசி எழுத்து
தாளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
உள்ளே ஓடவே தனிப் பேருந்துகள்.
ஒரு கட்டடத்தின் நான்காம் மாடி
அடுத்த கட்டடத்தின் முதல் மாடியாம்.

என் குழுவின் பெயர் கழுகு. இருபத்தாறு பேர்.
மூன்று நாளாக டெலிகிராமில்
ஸ்டிக்கர்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக் கையசைக்கின்றன.
ஜியா யீ என்பவள் ஒருத்திதான் கேட்டாள்:
யாராவது பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருகிறீர்களா?
'நான்' என்று தட்டி,
அழித்து,
நானும் ஒரு நீர்நாயைக் கையசைக்க வைத்தேன்.

முதல் உண்மை சுலபம்.
என் அப்பா ஆர்ச்சர்டிலிருந்து சாமர்செட்டுக்கு
நடந்தே போவார், நிலத்துக்கு அடியில்.
கடைசி ரயில் போனபின், மின்சாரம் நிறுத்தியபின்,
நெற்றியில் ஒரு விளக்கோடு,
தண்டவாளத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தபடி.
எல்லாரும் இதைத்தான் பொய் என்பார்கள்.
நல்லது.

பொய்க்குத்தான் பாடுபட்டேன்.
நீச்சல் தெரியும் என்றால்
இரண்டாம் நாள் செந்தோசாவில் சாயம் வெளுத்துவிடும்.
நாய் வளர்க்கிறேன் என்று வைத்துக்கொண்டேன்.
வீவக வீட்டில் பெரிய நாய் கூடாது,
அதனால் சின்னதாகச் செய்தேன்.
பழுப்பு நிறம். இடது காது மட்டும் மடிந்திருக்கும்.
பெயர் மைலோ.
இந்தத் தீவில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர்,
யாருக்கும் சந்தேகம் வராது.
இடி இடித்தால் குளியலறைக்குள் ஓடிவிடும்.
மின்தூக்கியில் திருவாட்டி ரொஹானா இருந்தால்
அடுத்ததற்குக் காத்திருப்போம்,
அதுவும் நானும்.
இரவு ஒரு மணிக்குள்
அது மூச்சு விடுவதுகூடக் கேட்க ஆரம்பித்தது.

இரண்டாவது உண்மைதான் வரவில்லை.
கடைசியில் எழுதினேன்:
புள்ளியியல்தான் என் முதல் விருப்பம்.
வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.
ஏப்ரலில் நேர்காணலுக்குக் கொண்டுபோன அட்டை வீடு
குளிர்சாதனப் பெட்டியின் மேல்
ஒரு மாடிப்படி சரிந்து உட்கார்ந்திருக்கிறது.
அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

ஐந்தே காலுக்கு அப்பா வந்தார்,
இரும்பு வாடையோடு.
'தூங்கலையா?'
விளையாட்டின் விதியைச் சொன்னேன்.
மூன்றையும் ஒரே குரலில் ஒப்பித்தேன்,
முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

நடக்கிற அப்பா. நாய். புள்ளியியல்.

அவர் உடனே சொல்லவில்லை.
கோப்பியில் பிஸ்கட்டை முக்கினார்,
பாதி உடைந்து உள்ளே விழுந்தது, கரண்டியால் எடுத்தார்.
குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒருமுறை பார்த்தார்.
நேர்காணல் முடிந்த அன்று அந்த வீட்டை
நெரிசல் நேர ரயிலில்
கதவோரம் முதுகைக் காட்டி நின்று
ஒரு தோளும் படாமல் புக்கிட் பாத்தோக் வரை கொண்டுவந்தவர்.

'மூணாவது' என்றார்.

விதிப்படி ஒரு பொய்தான்.
அது அவருக்கும் தெரியும்.
குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தார்.
ச்சு, ச்சு என்று
இரண்டு தடவை கூப்பிட்டார்.

'பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ கிளம்பு.
இதுக்கு நான் சோறு வெச்சுக்கிறேன்.'