மைக் பிடிப்பவன்

ஓஹையோவில், டயர் கடையாக இருந்த கட்டடம்.
சனிக்கிழமைதோறும் அதில்
பதினொரு பிள்ளைகள் ராக் பழகுகிறார்கள்.
தரையில் இன்னும் கிரீஸ் வாடை.

படம் எடுக்க வந்தவர்களில்
நான் மைக் பிடிப்பவன்.
காதில் ஹெட்ஃபோன், கையில் நீளக் கழி,
தோளில் தீராத வலி.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால்
ப்ரூயிட் கொஞ்சம் கூடுதலாகவே கத்துவார்.
"இது என்ன தாலாட்டா? அடி!"
அணைந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு
"ரொம்பக் கத்திட்டேனா?" என்று
டிரம்ஸ் மாரிசெலாவைக் கேட்பார்.
குச்சியால் தலையைச் சொறிந்தபடி அவள்,
"கத்துங்க, படம் ஓடணும்ல."

யாருக்கும் கேட்காத ஒன்று எனக்குக் கேட்டது.
ஆரின். பேஸ் கிதார்.
விரல் ஓடும், தலை ஆடும்,
முடி கண்ணில் விழும்,
ஒலிக் குமிழ் மட்டும் பூஜ்யத்தில்.
மூன்று வாரமாக.
மைக்கை அருகே கொண்டுபோனால்
கம்பிகளின் வறண்ட டிக் டிக்,
யாரோ நகம் வெட்டுகிற மாதிரி.

ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
நான் கழியை
மாரிசெலா பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கச்சேரி அன்று
மடக்கு நாற்காலிகளில் பெற்றோர்கள்.
அவள் நான்கு எண்ணினாள்.
அவன் குனிந்து குமிழைத் திருகினான்.

முதல் சுரமே தப்பு.
கூரைத் தகரம் அதிர
ஹெட்ஃபோனைப் பிடுங்கினேன்.
அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே தப்பு,
இன்னும் பலமாக.

வெட்டிவிடலாமா என்கிறாள் எடிட்டர்,
விரல் பொத்தான் மேல்.
என் காதில் இன்னும் இரைச்சல்.

"என்ன கேட்டாய்?"