வகை: இதர

மார்கழி முடியும் வாரம், செவ்வாய்க்கிழமை.
சோனாங்குப்பத்து விசைப்படகு ஒன்று
கயிறு போட்டு இழுத்துவந்தது அதை.
உப்பனாற்று முகத்துவாரத்தில்
அகல அகலமாய் நுழைந்தபோது
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.
நடுவில் ஒல்லியாய் ஓர் உடல்,
பக்கத்துக்கொன்றாய் இன்னும் ஒல்லியாய் இரண்டு,
இடதுகை முறிந்து தொங்க.

நான் கடலூர் முதுநகர் சுங்க அலுவலக எழுத்தர்.
என் வேலை பதினேழு கட்டங்களை நிரப்புவது.
ஆறாவது கட்டம்: கலத்தின் வகை.
அச்சடித்தவர் தந்த வாய்ப்புகள் நான்கு:
சரக்கு, மீன்பிடி, இழுவை, இதர.

ஓட்டிவந்தவள் சொலேன், லொரியான் ஊர்க்காரி.
பதினோரு நாள் உப்பு அவள் புருவத்தில்.
"ட்ரைமரான்" என்றாள்.
"இரண்டு என்றால் கட்டமரான். இது மூன்று."
மூன்று விரலை நீட்டினாள்
எனக்கு எண்ணத் தெரியாதது போல.

உங்கள் கட்டுமரத்துக்கு எத்தனை என்று
அவள் கேட்கவில்லை.
மூன்று. ஐந்து. தேவைப்பட்டால் ஏழு.
எண்ணிக்கை பற்றி அந்தச் சொல்லில் பேச்சே இல்லை.
பேச்செல்லாம் கயிற்றைப் பற்றி.

முந்நூறு வருடத்துக்கு முன்னால்
இந்தக் கரையில் இறங்கிய எவனோ
நோட்டில் குறித்துக்கொண்டு போனான்.
ஏற்றுமதி: சொல், ஒன்று. எடை இல்லை. தீர்வை இல்லை.
எங்கோ தீவுக்காரர்கள் ஓட்டிய
இரட்டை உடல் படகுக்கு அதை மாட்டினார்கள்.
மூன்றாவது உடல் வந்ததும்
சொல்லை நடுவில் அறுத்து
கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு
மரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.
தட்டிப் பார்த்தேன். மரமும் இல்லை,
கரியிழைத் துணியும் பசையும்.

கோபம் வரவில்லை.
கரையேறியதும் கட்டவிழ்த்து
மரங்களைத் தனித்தனியாய்க் காயப்போடுவது
எங்கள் தெருவும் செய்ததுதான்.

முறிவு பார்க்க வந்தான் அஞ்சாப்புலி,
சிங்காரத்தோப்பில் ஃபைபர் ஒட்டுபவன்.
குனிந்தான், சிரித்தான்.
"கட்டவே இல்லயே மேடம். முடுக்கி வச்சிருக்காங்க.
இது போல்ட்டுமரம்."

பசை காயும்வரை சொலேன் கதை சொன்னாள்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு, நியூயார்க்.
இரட்டை உடல் படகொன்று
கனத்த படகுகளையெல்லாம் தாண்டி ஓடியது.
தோற்றவர்கள் புகார் எழுதினார்கள்.
பரிசு போயிற்று.
நூற்றிரண்டு வருடம் கழித்து
இருபத்துமூன்று நாள் அட்லாண்டிக்கைக் கடந்து
மஞ்சள் நிறச் சின்ன ட்ரைமரான் ஒன்று
நீளமான ஒற்றையுடல் படகை முந்தியது,
தொண்ணூற்றெட்டே விநாடியில்.
அப்போது யாரும் புகார் எழுதவில்லையாம்.

எனக்கு அந்தப் பழைய புகாரிலேயே மனம் நின்றது.
எழுதியவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை.
அவன் கையிலும் இருந்திருக்கும்
நான்கு வாய்ப்புள்ள ஒரு படிவம்.

போல்ட்டு வளைந்திருந்தது.
அந்த அளவு பாண்டிச்சேரியில் இல்லை.
சென்னையில் பொங்கலுக்குக் கடை அடைத்திருந்தார்கள்.
அஞ்சாப்புலி நைலான் கயிறு கொண்டுவந்து
இடதுகையைக் கட்டினான், நாற்பத்தொரு சுற்று,
காலை முட்டுக்கொடுத்து, பல்லால் இழுத்து.
சொலேன் முடிச்சை இரண்டு முறை உதைத்துப் பார்த்தாள்.
மூன்றாம் முறை உதைக்கவில்லை.

ஒன்பதாம் நாள், நல்ல வாடை.
பதினாறாவது கட்டம்: புறப்பட்ட நேரம்.
கடிகாரம் பார்த்தேன், ஏழு பதினெட்டு.
தெற்கே திரும்பியதும்
கட்டுப்போட்ட கை தண்ணீரைவிட்டு எழுந்தது,
அடியில் வெளிச்சம் தெரிந்தது.
எழுதி, மையை ஊதி, நிமிர்ந்தால்
கல்கரையில் அஞ்சாப்புலி மட்டும்,
கண்ணுக்கு மேலே கையை வைத்தபடி.

படிவம் சென்னையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது.
சிவப்பு மையில்:
'இதர என்றால் என்ன? விளக்கவும்.'
என் மேசையில்தான் இருக்கிறது,
மின்விசிறிக்குப் பறக்காமல்,
வளைந்த போல்ட்டின் அடியில்.