ரவர் படுத்த செவ்வாய்

"இரண்டும் ஒன்றும் விழுந்தால்…"
என்று நான் தொடங்கின இடத்தில்
மாங்குளத்து மழை ரவரைப் படுக்கவைத்தது.

பேக்கமன் வகுப்பு, ஏழு பேர்.
ஆறு கிழமையாய்க் கதைத்தது நான் மட்டும்.
மைக்கை மூடிவிட்டுத் தலையாட்டுவார்கள்.
விளங்கினதோ நித்திரையோ, ஆருக்குத் தெரியும்.

போனைச் சட்டைக்குள் செருகி
ஏ ஒன்பது வீதிக்கு ஓடினேன்.
பஸ் தரிப்பிடத்தில் இரண்டு கோடு சிக்னல்.
உள்ளே நுழைந்தால்
சண்டை.

"ஐந்தாம் கட்டத்தில் ஒன்றை வை, துணிந்து வை"
ஒட்டுசுட்டானிலிருந்து நிறோஜினி.
"விசரே? தனிக்காய், வெட்டுவான்"
ஒல்ரனில், வேலைக்குப் போகும் ரெயினில் றெஜினோல்ட்.
வாயே திறவாத கபில்ராஜ்
கொப்பியைக் கமராவுக்கு முன் பிடித்து
"முப்பத்தாறில் பதினைந்து வெட்டு.
மிச்சம் இருபத்தொன்றை ஏன் ஒருத்தரும் எண்ணேல்லை?"

தொண்டைவரை வந்த விடையை
விழுங்கினேன்.
மைக்கைத் தொடவில்லை.
நனைந்த செருப்போடு
என் வகுப்பை முதல்முறை கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது செவ்வாய்தோறும்
கட்டையை உருட்டிக் காட்டிவிட்டு
பத்து நிமிடம் காணாமல் போகிறேன்.
மழையில்லாத நாளிலும் ரவர் படுக்கிறது.

நேற்று நிறோஜினி எழுதியிருந்தாள்:
"ரீச்சர், இஞ்சை நல்ல வெயில்.
உங்களுக்கு மட்டுமோ மழை?
பரவாயில்லை,
ஆறுதலா வாங்கோ."