சிமிட்டல்

வாலிநோக்கம் உப்பளம், பதினொன்றரை மணி.
நிழல் காலடிக்குள் ஒடுங்கிக் கிடந்தது.
தோளில் எனக்கு இரண்டு கேமரா:
ஒன்று உடனே சொல்லிவிடும்,
மற்றது வாய் திறக்காது.

முதலில் டிஜிட்டல்.
கறுப்பு வெள்ளைத் திரையில் சீனியம்மாள்.
(உப்பளத்தில் இந்தப் பெயரா என்று நான் கேட்கவில்லை.
கேட்டவர்கள் நிறையப் பேர் என்று முகமே சொன்னது.)
அவளுக்குப் பின்னால் உப்புக் குவியல்
விட்டு விட்டுச் சிமிட்டியது.

"அது ஏன் மின்னுது?"
"வெளிச்சம் கூடிப்போச்சு.
அந்த இடத்துல ஒண்ணுமே இல்லைன்னு கேமரா சொல்லுது."
"ஒண்ணுமே இல்லையா?
மூணு நாள் கூலி கெடக்கு அங்க."

ஒளியைக் குறைத்தேன்.
குவியல் திரும்பி வந்தது,
அவள் முகம் இருட்டுக்குள் போனது.

ஃபிலிமில் மிச்சம் ஒன்றே ஒன்று, முப்பத்தாறாவது.
எடுத்ததும் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாள்.
கறுப்பு மூடி, அதில் செருகிய அட்டைத் துண்டு.
"இதுல நான் இன்னும் வரலையா?"

ராமநாதபுரத்தில்
குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்துவிட்டுக் கழுவினேன்.
சுருளில் பூசியிருப்பதும் உப்புதான், வெள்ளியின் உப்பு.
வெயில் படாததெல்லாம் கரைந்து போகும்.
வாளித் தண்ணீரும் கரிப்பு;
காய்ந்த பிறகு ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டு.

நெகட்டிவில் குவியல்தான் ஆகக் கறுப்பு.
பிரிண்டில் அது வெளுத்தபோது
பலகை இழுத்த தடம்கூடத் தெரிந்தது,
சரிவில் உருண்டு நின்ற ஒரு கட்டியும்.
ஆனால் இந்த முறை
கண் சிமிட்டியது சீனியம்மாள்.

இரண்டையும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.
ஐப்பசி பிறப்பதற்குள் போக வேண்டும்,
பாத்தி கரைவதற்குள்.