மணவறைக்குப் பின்னால்

சமையலறை மேசையில் ஒரு தாள்.
மொத்தம் இரண்டாயிரத்து நானூறு பிராங்.
மேலே நான் எழுதினேன்: நினைவகம், அறுபத்து நாலு.
கீழே கஜரூபன் எழுதினான்: கிராபிக்ஸ் கார்டு.
அதன் கீழ் மூன்று கோடு.

எனக்கு மணவறைகள்.
சூரிச்சோ லொசானோ, எங்கே கல்யாணம் என்றாலும்
மண்டபத்தில் நிறுத்துமுன்
திரையில் நிறுத்திக் காட்டுவது என் வேலை.
(பகலில் மருத்துவமனைச் சமையலறை. அது வேறு.)
கடைசியாகச் செய்ததில் நாலாயிரம் மல்லிகை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல்.
ஒரேயொரு படத்துக்குப் பழைய மடிக்கணினி
பதினொரு மணி நேரம் மூச்சு வாங்கியது.
பெண்ணின் தாய் பார்த்துவிட்டுச் சொன்னா:
"மல்லிகை வேண்டாம் பிள்ளை, ஓர்க்கிட் போடுங்கோ."

அவனுக்கு விளையாட்டு.
பியேல் நிலையத்தில் இரவெல்லாம் ரயில்பெட்டி கழுவுகிறவன்
விடிய வந்து ஒரு மணி நேரம்
வேறு யாராகவோ மலை ஏறவேண்டும்.
நொடிக்கு நூற்று நாற்பத்து நாலு படம் வேண்டுமாம்.
"அவ்வளவும் கண்ணுக்குத் தெரியுமே?"
"மல்லிகையின்ர நிழல் தெரியுது தானே?"

பிறகு பிராசசர்.
வேகமான எட்டு கோர் அவன் கேட்டது,
பதினாறு நான் கேட்டது.
ஒரு கெட்டிக்காரனா, பதினாறு கூலியாளா என்றான்.
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்றுதானே
எல்லாரையும் வாழ்த்துகிறார்கள் என்றேன்.
சிரித்துவிட்டுத் தாளில் பதினாறு எழுதினான்.
எங்களை யாரும் அப்படி வாழ்த்தவில்லை.
பதிவு அலுவலகத்தில் அந்த மனிதர்
ஜெர்மனில் ஒருதரம் பிரெஞ்சில் ஒருதரம் வாசித்தார்.
பதினொரு நிமிடம்.
வெளியே வந்து கெபாப் சாப்பிட்டோம்.

வானவில் விளக்கு எரியும் விசிறிகளை
நான் வெட்டினேன்: "இதென்ன, தேர்த் திருவிழாவோ?"
கீழ்வீட்டு திருமதி ட்ஸ்பிண்டனுக்காக
பழுப்பு விசிறிகள் மூன்று.
சேற்றில் விழுந்தெழுந்த நிறம், யானை விலை,
ஆனால் வாய் பேசாது.
இரவு பத்துக்குப் பின் குழாய் திறந்தாலே
மறுநாள் சலவை அறைக் கதவில்
எங்கள் பெயர் போட்டுக் கடிதம் இருக்கும்.

கார்டின் நீளம் முந்நூற்று முப்பத்தாறு மில்லிமீட்டர்.
பெட்டியின் உள்நீளம் முந்நூற்று முப்பது.
அந்த ஆறு மில்லிமீட்டருக்காக
இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை.
பெட்டி தபாலில் திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினோம்.
வெப்பப் பசை பொட்டளவு போதும் என்றேன்,
அவன் திருநீறு மாதிரி இழுத்துவிட்டான்.
நினைவகத்தை அழுத்தியபோது வந்த 'டக்'
எலும்பு முறிந்த சத்தம்.
பொத்தானை அமர்த்தினால் விசிறி சுற்றுகிறது,
திரை கறுப்பு.
முக்கால் மணி நேரம் இரண்டு மொழியில் திட்டிய பிறகுதான் கண்டோம்,
வயரைச் செருகியது வேறு துளையில்.

மல்லிகை மணவறையைத்தான் முதலில் ஓட்டினேன்.
ஆறு நிமிடம்.
தேத்தண்ணி ஆறவில்லை.

"தள்ளு" என்றான்.
என் கோப்பை விளையாட்டு எஞ்சினுக்குள் இறக்கி
விசைப்பலகையில் நாலு விரலை வைத்து
உள்ளே நடந்துபோனான்.
குத்துவிளக்கைச் சுற்றினான்.
ஓமகுண்டத்தைத் தாண்டிக் குதித்தான்.
"சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போ."
"எனக்குக் காலே இல்லையடி."
மணமக்களின் நாற்காலிக்கு முன்னால் கொஞ்சம் நின்றான்.
பிறகு, அவன் குணம், பின்பக்கம் என்ன இருக்கென்று பார்க்கப் போனான்.

விழுந்தான்.
மணவறை தலைக்கு மேலே சிறுத்துக்கொண்டே போனது,
தீப்பெட்டி அளவு, அரிசி அளவு.
சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம்.
இன்னும் விழுந்துகொண்டிருந்தான்.

"அங்கே தரை போடேல்லையோ?"
"கமரா அந்தப் பக்கம் போகாது. ஆர் பார்க்கப் போயினம்?"

அவன் வேலைக்குப் போனபின்
கோப்பைத் திரும்பத் திறந்தேன்.
யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரப்போவதில்லை.
நாற்காலிக்குப் பின்னால் ஒரு சதுரம் வைத்தேன்.
பக்கத்தில் இன்னொன்று.
மணி இரண்டு.
விசிறி சுற்றுகிறதா என்று
கையை வைத்துத்தான் பார்க்கவேண்டியிருந்தது.