பிறகு நினைவூட்டு

இருநூற்றுப் பதினோரு நாளாக
அதையேதான் அழுத்தி வந்தாள் லேலோ,
சாரேமா தீவின் ஆட்டு வைத்தியர்.
அதுவும் மரியாதையாகத்தான் கேட்டது,
கடன் கொடுத்தவன் மாதிரி.

ஸ்கேன் கருவி விற்ற கம்பெனியை
மூடி ஒன்பது வருஷம்.
புதியதில் அது ஓடுமா,
கேட்க ஆளில்லை.
பழையதற்கோ ஏப்ரலோடு பாதுகாப்பு முடிகிறதாம்.
யார் வந்து திருடப்போகிறார்கள்
செம்மறிகளின் கர்ப்பப்பைப் படங்களை?
ஆனால் ரசீதுகள். வங்கிக் கணக்கு.

வியாழன் இரவு எல்லாவற்றையும்
இரண்டு பிரதி எடுத்தாள்.
‘சரி’ என்றாள், வாய்விட்டே.

முப்பத்தெட்டு சதவீதத்தில்
எண்டெலின் வண்டி வாசலில்.
பின்னால் வைக்கோலில் ஓர் ஆடு,
பல்லை நறநறத்தபடி.
“எத்தனை என்று பார்.”
திரையில் வட்டம் சுற்றியது:
கணினியை அணைக்காதீர்கள்.

முழங்கை வரை சோப்புப் போட்டு
இருட்டுக்குள் விரலால் எண்ணி
இரண்டு, என்றாள்.

இரண்டும் எழுந்து பால் தேடின.
கை கழுவப் போனவளை
மூன்றாவது திரும்ப அழைத்தது.
மூச்சு இல்லை.
வைக்கோலால் தேய்க்கத் தேய்க்க,
இருந்தது.

விடியலில் திரை ‘வணக்கம்’ என்றது.
ஸ்கேன் படம் ஓரத்தில் இருக்கிறதா என்று
அவள் இன்னும் பார்க்கவில்லை.
கை காயட்டும்.